இலவசக் கல்வியில் விடுபட்ட பொருள்

இப்பொருள் பற்றி எழுதப்போகிறோம் என்று கூறியபோது நண்பரொருவர் முகஞ்சுளித்தார். அவர் ஆசிரியர், நிறையப் படித்தவர், தொழிற்சங்க ஊர்வலங்களிற் கொடி பிடித்தவர், சாதிக் கொடுமைக்கு எதிராக மேடையேறியவர். "எழுதுவதற்கு வேறு விஷயம் கிடைக்கவில்லையா? இது பெண்கள் தமக்குள்ளே பேசிக்கொள்ள வேண்டியது. இலக்கியச் சஞ்சிகையில் இதற்கென்ன இடம்?" என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்லுமுகமாகவே இக்கட்டுரையைத் தொடங்குகின்றோம். அந்த முகச்சுளிப்பு அவர் ஒருவருக்கு மட்டும் சொந்தமானதன்று. கருத்திலே முற்போக்கும் பழக்கத்திலே பிற்போக்குமாக வாழும் நம்மிற் பலருடைய முகச்சுளிப்பு அது.

நாம் எழுதப்போவது மாதவிடாயைப் பற்றி. இன்னும் திட்டமாகச் சொன்னால், அந்நாட்களிற் சுத்தமான அணையாடை வாங்கக் காசின்றி, அதை மாற்றுவதற்கு ஓர் இடமின்றி, கழுவிக்கொள்ள நீரின்றி, கேட்டறிய ஒருவரின்றி நம் நாட்டு இளம் பெண்கள் அனுபவிக்கும் வறுமையைப் பற்றி. பசியை நாம் எழுதியிருக்கிறோம். குடிசையை எழுதியிருக்கிறோம். லயத்து வாழ்வை எழுதியிருக்கிறோம். இந்த வறுமையை மட்டும் எழுதாமல் விட்டோம்.

இலங்கையில் அரசாங்கப் பாடசாலை மாணவியின் உடை வெள்ளை. அந்தச் சீருடைத் துணியை 1993ஆம் ஆண்டிலிருந்து அரசாங்கம் இலவசமாக வழங்கத் தொடங்கியது. ஏழை வீட்டுப் பிள்ளையும் செல்வர் வீட்டுப் பிள்ளையும் ஒரே நிறத்தில் ஒரே வாங்கில் அமரவேண்டும் என்னும் எண்ணம் உயர்ந்ததே. ஆயினும் அவ்வெண்மையைத் தெரிவு செய்தவர்கள், அதை அணியும் பிள்ளைகளிற் பாதிப்பேர் பன்னிரண்டு பதின்மூன்று வயதிற் பூப்பெய்துவர் என்பதை ஒரு கணமேனும் எண்ணியிருப்பார்களா? ஏழாம் வகுப்பிலே மூன்றாம் பாடவேளை. ஆசிரியர் கேள்வி கேட்கிறார். சிறுமிக்கு விடை தெரியும். எழுந்து நிற்க அஞ்சுகிறாள். பின்வாங்கில் இருப்பவளிடம் "ஏதும் தெரியுதோ?" என்று மெல்லக் கேட்கிறாள். மணியடித்ததும் புத்தகப் பையைப் பின்புறம் தாழ்த்திப் பிடித்தபடி சுவரோரமாக நடக்கிறாள். மறுநாள் அவள் வரவில்லை. இடாப்பிலே ஒரு சிவப்புக் கோடு விழுகிறது. காரணம் எழுதப்படுவதில்லை. நம் வாசகர்களிற் பெரும்பாலோர் ஆசிரியர்கள். இக்காட்சியை எத்தனை முறை கண்டும் காணாதவர்போல் இருந்திருப்பர் என்பதை அவரவர் மனச்சாட்சிக்கே விடுகின்றோம்.

நாம் பெருமையோடு பேசும் இலவசக் கல்வி 1945ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் நடைமுறைக்கு வந்தது. கன்னங்கராவின் பெயரை நாடு இன்றளவும் நன்றியோடு உச்சரிக்கிறது. 1980ஆம் ஆண்டிலிருந்து பாடநூல் இலவசமாயிற்று. பிறகு சீருடை வந்தது. பகலுணவு வந்தது. பிள்ளை பள்ளிக்கு வருவதைத் தடுக்கும் பொருள் எதுவோ அதை அரசாங்கமே கொடுக்கவேண்டும் என்ற தத்துவம் இவ்வாறு படிப்படியாக ஏற்கப்பட்டது. இப்பட்டியலில் அணையாடை மட்டும் ஏன் நெடுங்காலம் இடம் பெறவில்லை? காசில்லை என்று யாரும் சொல்லவில்லை. அதைப்பற்றி யாரும் வாய் திறக்கவேயில்லை என்பதே உண்மை. பட்டியலை எழுதியவர்கள் ஆண்கள். அவர்களுடைய பேனா இச்சொல்லை எழுதக் கூசியது.

இக்கூச்சம் எங்கிருந்து வந்தது? நம் யாழ்ப்பாணத்துச் சமுதாயத்தையே எடுத்துக்கொள்வோம். பிள்ளை 'பெரியபிள்ளை'யானதும் வீடு அமர்க்களப்படுகிறது. மாமிமார் வருகின்றனர். நல்லெண்ணெயும் பச்சை முட்டையும் உழுத்தங்களியும் ஊட்டப்படுகின்றன. பாலறுகு வைத்து நீராட்டுகின்றனர். பிறகு மண்டபம், மேளம், ஆராத்தி, பலகாரத் தட்டுகள், வீடியோ. கடன்பட்டேனும் சாமத்தியச் சடங்கைச் சிறப்பாகச் செய்யாவிட்டால் ஊர் வாய் மூடாது. பிள்ளையின் உடம்பில் நிகழ்ந்த மாற்றம் ஊரறிய, ஒலிபெருக்கியோடு கொண்டாடப்படுகிறது. அடுத்த மாதம் அதே மாற்றம் மீண்டும் வருகிறது. இப்போது பேச்சு மூச்சில்லை. "துடக்கு", "தூரம்", "விலக்கு" என்று தாழ்ந்த குரல். சாமியறைப் பக்கம் போகாதே, அதைத் தொடாதே, இதைத் தொடாதே என்ற கட்டளைகள். சடங்குக்கு லட்சக்கணக்கில் செலவிட்ட தகப்பன், மாதந்தோறும் ஒரு பொதி அணையாடைக்குக் காசு கேட்க மகள் அஞ்சும் வகையிலே நடந்துகொள்கிறான். கடைக்காரர் அப்பொதியைப் பழைய பத்திரிகைத் தாளிலே சுற்றி, கள்ளக்கடத்தற் பொருளைப்போலக் கொடுக்கிறார்.

இவ்விடத்தில் ஒன்று கூறுதல் தகும். இப்பொருளைக் குறிக்க நம் மக்கள் வழங்கும் சொற்களைக் கவனியுங்கள். விலக்கு என்றால் ஒதுக்குவது. தூரம் என்றால் அகன்று நிற்பது. தீட்டும் துடக்கும் அசுத்தத்தைச் சொல்வன. இவற்றுள் ஒன்றாவது பிள்ளையின் உடம்பில் நடப்பது என்னவென்று சொல்லவில்லை. பிள்ளையைச் சமூகம் எங்கே நிறுத்துகிறது என்பதையே சொல்கின்றன.

பண்பாட்டைக் குறைகூறி நிறுத்திவிட்டால் இக்கட்டுரை பாதியில் நின்றுவிடும். தீட்டு என்பது மனத்திலுள்ள கருத்து மட்டுமன்று. அதற்கு விலையும் வரியும் உண்டு. இனி அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

2018ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் வரை, இலங்கைக்கு இறக்குமதியாகும் அணையாடை மீதான வரிகளின் மொத்தச் சுமை 101.2 வீதம். நூறு ரூபா பெறுமதியான பொருளுக்கு நூறு ரூபாவுக்கு மேல் வரி! சுங்கத் தீர்வை, துறைமுக விமான நிலைய வரி, பெறுமதி சேர் வரி என்று ஒன்றின் மேலொன்றாக அடுக்கப்பட்ட அம்மாளிகையில் 'செஸ்' என்றோர் அடுக்கும் இருந்தது. ஏற்றுமதியை வளர்ப்பதற்கென 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அறவிடப்படும் வரி அது. நாட்டின் ஏற்றுமதியை வளர்க்கும் பாரத்தைப் பன்னிரண்டு வயதுச் சிறுமியின் மாதவிடாயின் மேல் ஏற்றிவைத்த மேதைகள் யாரோ நாம் அறியோம்! அவ்வாண்டு செஸ் நீக்கப்பட்டதும் சுமை 62.6 வீதமாகக் குறைந்தது. குறைந்த பின்னும் அது அறுபது வீதத்துக்கு மேல் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆடம்பரப் பொருளுக்கு வரி விதிப்பது நியாயம் என்பார்கள். நாமும் அதை ஏற்போம். வாசனைத் திரவியம் இன்றி ஒருவர் வாழலாம். மாதவிடாயை வேண்டாம் என்று சொல்லும் உரிமை எந்தப் பெண்ணுக்கு உண்டு? செலவைத் தெரிவு செய்ய இயலாதவரிடம் வரி கேட்பது, மூச்சுக்கு வரி கேட்பது போன்றது.

2019ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் வேட்பாளர் சஜித் பிரேமதாச, பெண்களுக்கு இலவசமாக அணையாடை வழங்குவதாக வாக்களித்தார். அவருடைய அரசியலோடு நமக்கு எவ்வித உறவுமில்லை; ஆயினும் பிறகு நடந்ததைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. நாடு சிரித்தது. 'பாட்மேன்' என்று பட்டம் சூட்டினர். இலவச உரம் என்றபோது சிரிக்காதவர்கள், இலவச அரிசி என்றபோது சிரிக்காதவர்கள், இதற்குச் சிரித்தனர். வாக்குறுதி நிறைவேறுமா, காசு எங்கிருந்து வரும் என்று எதிர்த்திருந்தால் அது அரசியல். சிரித்தது அரசியலன்று, வெறும் அநாகரிகம். சிரித்தவர்களுள் நம் முகாமைச் சேர்ந்தோரும் இருந்தனர் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

பிறகு 2022ஆம் ஆண்டு வந்தது. அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. உணவு விலையேற்றம் 90 வீதத்தைத் தாண்டியது. அரிசியா, மாவா, மண்ணெண்ணெயா என்று வீடுகள் தவித்த காலத்தில் தாய்மார் முதலில் வெட்டிய செலவு எது? கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள், கேட்பவர் பெண்ணாயிருந்தால். அவ்வருடம் அக்டோபரில் அரசாங்கம் உள்நாட்டு உற்பத்திக்குத் தேவையான ஐந்து மூலப்பொருட்களின் இறக்குமதி வரிகளை நீக்கியது. அதன்பின் பத்து அணையாடைகள் கொண்ட உள்நாட்டுப் பொதியொன்றின் விலை 260 அல்லது 270 ரூபாவுக்கு மேற்படாது என்று அறிவித்தது.

அந்த அறிவித்த விலையையே எடுத்துக்கொள்வோம். ஐந்து நாட்கள், நாளொன்றுக்கு நான்கு தடவை மாற்றினால் இருபது வேண்டும். இரண்டு பொதி, ஐந்நூறு ரூபாவுக்கு மேல். தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு 2021ஆம் ஆண்டு வர்த்தமானியில் விதிக்கப்பட்ட நாட்கூலி 1,000 ரூபா. அதுவும் குறித்த அளவு கொழுந்து நிறுவையிலே சேர்ந்தால்தான் முழுப் பேர். சேராவிட்டால் அரைப் பேர். தாயும் பூப்பெய்திய இரு பெண்களும் உள்ள லயத்து வீட்டில், மூவருக்கும் சேர்த்துக் கணக்கிட்டால் மாதத்தில் ஒன்றரை நாட் கூலி இதற்கே போகும். போகாது, ஏனெனில் அந்த வீடு இதற்குக் கொடுக்காது. கடைக் கணக்கும் முற்பணமும் சங்கச் சந்தாவும் கழிந்து கைக்கு வரும் சம்பளத்திலே இச்செலவுக்குத் தலைப்பே இல்லை. பழைய சேலைத் துண்டு இருக்கிறது.

நாடளாவிய வீட்டு வருமான செலவு மதிப்பீட்டின் 2016ஆம் ஆண்டுத் தரவுகளைக் கொண்டு ஆய்வாளர்கள் செய்த கணிப்பின்படி, மாதவிடாய் வயதுப் பெண்கள் உள்ள வீடுகளிற் பாதி அணையாடைக்காக ஒரு சதமேனும் செலவிடவில்லை. செலவிடாதோர் எல்லோரும் வறுமையினாலே செலவிடவில்லை என்று நாம் வாதிடவில்லை. விரும்பித் துணி பயன்படுத்துவோரும் உண்டு. ஆயினும் கையிற் காசிருந்து துணியைத் தெரிவு செய்வது வேறு. காசில்லாமல் துணியே கதியென்று கிடப்பது வேறு.

இங்கேதான் நம் பழைமைவாத அன்பர்கள் குறுக்கிடுவார்கள். "நம் பாட்டிமார் துணிதானே பாவித்தனர். அவர்களுக்கு என்ன நோய் வந்தது?" என்பார்கள். என்ன நோய் வந்தது என்று அப்பாட்டிமாரை யாராவது கேட்டதுண்டா? கீழ்வயிற்று நோவையும் வெள்ளைபடுதலையும் அரிப்பையும் வைத்தியரிடம் சொல்ல வெட்கப்பட்டு, கைவைத்தியத்தோடு காலங்கழித்த தலைமுறை அது. நோய் இருக்கவில்லை என்பதற்கு அவர்களது மௌனம் சாட்சியாகாது.

துணி தன்னளவிற் குற்றமுள்ள பொருளன்று. சவர்க்காரமிட்டு, நிறைந்த நீரிற் கழுவி, வெயிலிற் காயவைத்து எடுத்தால் துணி நல்லதே. ஆனால் அத்துணியை எங்கே காயவைக்கிறார்கள்? கொடியிலே, ஊர் காணும்படி? இல்லை. ஆண்கள் கண்ணிற் படக்கூடாதென்று கட்டிலுக்கடியில், கூரையிடுக்கில், ஈரச் சாக்கின் கீழ், மலசலகூடத்தின் மூலையிலே. மலைநாட்டு மழைக்காலத்தில் அது நாட்கணக்காகக் காயாது. காயாத துணி அடுத்த முறையும் பயன்படுகிறது. ஒடிசாவில் மருத்துவமனைக்கு வந்த 486 பெண்களிடம் செய்யப்பட்டு 2015இல் வெளியான ஆய்வொன்று, திரும்பத் திரும்பத் துணி பயன்படுத்துவோரிடம் சிறுநீர்த் தொற்றும் பிறப்புறுப்புத் தொற்றும் கூடுதலாகக் காணப்பட்டதை எடுத்துக்காட்டியது. அதே மாநிலத்தில் 2018இல் வெளியான இன்னோர் ஆய்வு இன்னும் நுட்பமானது. வீட்டுக்குள்ளே காயவைத்த துணியையும் மலசலகூடத்தில் ஒளித்துவைத்த துணியையும் பயன்படுத்தியவர்களிடம் பூஞ்சைத் தொற்று அதிகம் என்று அது கண்டது.

இம்முடிவை வாசகர்கள் ஒருமுறை நிறுத்தி யோசிக்கவேண்டும். துணி ஒன்றே. கழுவிய கையும் ஒன்றே. வெயிலிற் காய்ந்தாற் குறைவு. ஒளிவிற் காய்ந்தால் அதிகம். இரத்தம் நோயைக் கொண்டுவரவில்லை. அதைத் தீட்டென்று சொல்லி ஒளிக்கவைத்த வெட்கமே கொண்டுவந்தது. 'அசுத்தம்' என்ற கருத்து தானே அசுத்தத்தை உண்டாக்குகிறது. கருத்தொன்று மக்களைப் பற்றும்போது பௌதிக சக்தியாக மாறும் என்று நாம் படித்திருக்கிறோம். பிற்போக்குக் கருத்துக்கும் அவ்விதி பொருந்தும். அது பெண் பிள்ளையின் உடம்பிற் கிருமியாக மாறுகிறது.

பாடசாலையில் இன்னொரு தீங்கு நிகழ்கிறது. பூட்டில்லாத கதவு, தண்ணீரில்லாத குழாய், கழித்ததைப் போட ஒரு வாளியில்லாத மலசலகூடம். இதற்குள்ளே போவதிலும் போகாமலிருப்பது மேல் என்று பிள்ளைகள் முடிவு செய்கின்றனர். காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. சிறுநீரை அடக்குகின்றனர். காலை ஏழரைக்கு வைத்த அணையாடை பிற்பகல் இரண்டு மணிவரை மாறுவதில்லை. தொடைகள் உராய்ந்து புண்ணாகின்றன, ஈரம் தங்கித் தோல் வெந்துபோகிறது, சிறுநீர் எரிகிறது. வலி வேறு. கருப்பை சுருங்குவதனால் உண்டாகும் அந்த வலியைப் பொறுத்துக்கொள்வதே பெண்மை என்று போதிக்கப்பட்ட பிள்ளை, ஒரு சாதாரண வலிநிவாரணி வில்லைகூட இல்லாமல் மேசையிலே தலைசாய்த்துக் கிடக்கிறாள். மாதாமாதம் தாங்கமுடியாத வலி என்றால் அது வைத்தியர் பார்க்கவேண்டிய நோயாகவும் இருக்கலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அதிக உதிரப்போக்கினால் இரும்புச்சத்துக் குறைந்து வெளிறிப்போன பிள்ளைக்கு வாரமொருமுறை பாடசாலையில் இரும்புச்சத்து வில்லை கொடுக்கிறார்கள், நல்லதே. இரத்தம் எவ்வளவு போகிறது என்று கேட்கத்தான் ஆளில்லை.

யுனிசெப் நிறுவனத்தின் ஆதரவோடு 2015இல் இலங்கையிற் செய்யப்பட்ட ஆய்வு, மாணவியரில் 66 வீதத்தினர் முதன்முறை இரத்தம் கண்ட அந்நாள் வரை மாதவிடாய் என்பதையே அறியாதிருந்தனர் என்று கூறுகிறது. 37 வீதத்தினர் மாதந்தோறும் ஓரிரு நாட்கள் பாடசாலைக்கு வராதிருந்தனர். எழுத்தறிவிலே தெற்காசியாவுக்கு வழிகாட்டுவதாக மார்தட்டும் நாடு இது! மூவரில் இருவர், தன் உடம்பிலிருந்து இரத்தம் கசிவதைக் கண்டு, தனக்கு ஏதோ கொடிய நோய் வந்துவிட்டது என்று அஞ்சும்படி வளர்க்கப்படுகின்றனர்.

சுகாதாரப் பாடநூலில் இதற்கொரு பாடம் உண்டு. அப்பாடம் வரும் நாளில் என்ன நடக்கிறது என்பதை ஆசிரிய வாசகர்கள் அறிவார்கள். "இதை வீட்டிலே வாசித்துக்கொண்டு வாருங்கோ" என்று கூறிப் பக்கத்தைப் புரட்டுவதுண்டு. அமீபாவின் இனப்பெருக்கத்தைக் கரும்பலகையிற் படம்போட்டு விளக்குபவர், மனுஷியின் உடம்புக்கு வந்ததும் ஊமையாகிறார். ஆண் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுப் பாடம் நடத்துவோரும் உளர். வெளியே அனுப்பப்பட்டவன் அங்கே கற்றுக்கொள்வது ஒன்றே: இது கேலிக்குரிய இரகசியம். அவன்தான் நாளை கடைக்காரனாகவும், தகப்பனாகவும், தோட்டத்துரையாகவும், நிதியமைச்சராகவும் வருகிறான்.

மாதத்தில் இரண்டு நாள் என்பது கேட்பதற்குச் சிறிது. பாடசாலை நடப்பதே மாதத்தில் இருபது நாள்; பத்திலொரு பங்கு போய்விடுகிறது. உயர்தரப் பரீட்சைக்குத் தோற்ற 80 வீத வரவு வேண்டும் என்பது விதி. காய்ச்சலும் வெள்ளமும் பேருந்துத் தட்டுப்பாடும் ஆண் பெண் இருவருக்கும் பொது. பெண் பிள்ளை அவற்றின் மேல் இந்தப் பத்து வீதத்தையும் சுமந்துகொண்டு ஓட்டத்தைத் தொடங்குகிறாள். முந்திவிட்டால் "பெண் பிள்ளைகள் கெட்டிக்காரிகள்" என்கிறோம். பிந்திவிட்டால் அடுப்படி.

பாடசாலையை விட்டு வெளியேறிய பெண் எங்கே போகிறாள்? ஒருத்தி கொழுந்து மலைக்கு. படங்கை இடுப்பிலே கட்டி, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, காலையிலிருந்து சரிவிலே நிற்கிறாள். மலையிலே மலசலகூடம் இல்லை. அணையாடை மாற்ற லயத்துக்கு இறங்கி ஏறினால் நிறுவை குறையும். நிறுவை குறைந்தால் பேர் பாதியாகும். தேயிலைச் செடியின் மறைவே அவளுக்கு அறை. இன்னொருத்தி சுதந்திர வர்த்தக வலயத்துக்கு. 1978ஆம் ஆண்டு கட்டுநாயக்காவில் தொடங்கிய அவ்வலயங்களின் ஆடைத் தொழிற்சாலைகளில், இருபது வயதுப் பெண்கள் உலகச் சீமாட்டிகளுக்கு உள்ளாடை தைக்கின்றனர். மாதவிடாய்க் காலத்துக்கென்றே தனியாக வடிவமைக்கப்பட்ட உள்ளாடைகள்கூட இந்நாட்டுப் பெண்களின் கையால் தைக்கப்பட்டு மேற்கு நாடுகளுக்குக் கப்பலேறுகின்றன. தைத்தவளோ மலசலகூடத்துக்குப் போய்வரும் நிமிடங்களை மேற்பார்வையாளர் எண்ணுவாரே என்று அஞ்சி, யந்திரத்தின் முன் தொடை நனைய இருக்கிறாள். முதலாளித்துவத்தின் முரண்பாட்டை விளக்க நம் மாணவர்கள் தடித்த நூல்களைப் புரட்டவேண்டியதில்லை. அந்த வாங்கு ஒன்று போதும்.

நம் எழுத்தைப் பொதி வியாபாரிகளின் விளம்பரமாக யாரும் திரித்துவிடக் கூடாது. தொலைக்காட்சியிலே நீலத் திரவத்தை ஊற்றிக் காட்டி, வெள்ளைக் காற்சட்டையோடு துள்ளிக் குதிக்கும் பெண்ணைக் காட்டும் கம்பனிகள் மீது நமக்குப் பற்றில்லை. தீட்டென்று பயமுறுத்திய பழைய பூசாரியின் இடத்தை 'கறை படும், கவனம்' என்று பயமுறுத்தும் புதிய பூசாரி பிடித்திருக்கிறார். காணிக்கை மட்டும் கூடியிருக்கிறது. பிளாஸ்டிக் அணையாடை குப்பையாகச் சேர்வதும் உண்மையே. தைத்த துணி அணையாடையும், பல ஆண்டுகள் பாவிக்கக்கூடிய சிலிக்கன் கிண்ணமும் வந்துவிட்டன. எதைப் பாவிப்பதென்று பெண் தானே தெரிவு செய்யட்டும். தெரிவு செய்வதற்குக் காசும் நீரும் மறைவிடமும் அறிவும் அவளுக்கு வேண்டும் என்பதே நம் கட்சி.

'உள்ளூர்க் கைத்தொழிலைக் காக்கவே இறக்குமதிக்கு வரி' என்ற வாதத்தையும் கேட்டிருக்கிறோம். உள்ளூர்க் கைத்தொழில் வளர்வதை நாமும் விரும்புகிறோம். ஆனால் அதைக் காக்கும் செலவை நாட்டின் ஏழைச் சிறுமியரிடம் அறவிடுவதேன்? அரசாங்கமே உள்ளூர் உற்பத்தியை மொத்தமாக வாங்கிப் பாடசாலைகளுக்கு வழங்கட்டும். தொழிலும் பிழைக்கும், பிள்ளையும் பிழைக்கும். கோயம்புத்தூரைச் சேர்ந்த முருகானந்தம் என்ற, உயர்கல்வி பெறாத ஒரு பட்டறைக்காரர், கிராமப் பெண்களே இயக்கக்கூடிய மலிவான யந்திரத்தை உருவாக்கிக் காட்டினார். நம் கூட்டுறவுச் சங்கங்கள் இதைச் செய்ய இயலாதா?

வேறு நாடுகள் செய்ததைச் சொன்னால் "அவை பணக்கார நாடுகள்" என்பார்கள். ஸ்கொட்லாந்து பணக்கார நாடுதான். 2020இற் சட்டமியற்றி, 2022இலிருந்து வேண்டியோர்க்கு இலவசமாகக் கொடுக்கிறது. கென்யாவோ பணக்கார நாடன்று. அது 2004ஆம் ஆண்டிலேயே அணையாடை மீதான பெறுமதி சேர் வரியை நீக்கியது. இந்தியா 2018இல் தன் சரக்கு சேவை வரியிலிருந்து விலக்களித்தது. தமிழ்நாட்டு அரசு பத்தாண்டுகளுக்கு முன்பே கிராமப்புற வளரிளம் பெண்களுக்கு இலவச அணையாடைத் திட்டத்தைத் தொடங்கியது. ஆகவே குறைவு செல்வத்திலன்று.

நம் நாட்டிலும் 2024ஆம் ஆண்டு கல்வி அமைச்சு, கஷ்டப் பிரதேசப் பாடசாலைகள் உட்பட ஏறத்தாழ 8 லட்சம் மாணவியருக்கு 1,200 ரூபா பெறுமதியான வவுச்சர் வழங்குவதாக அறிவித்தது. இந்நாட்டில் அரசாங்கமொன்று இப்பொருளைப் பாடசாலைத் தேவையென்று ஒப்புக்கொண்டதை நாம் வரவேற்கின்றோம். ஆனால் மேலே சொன்ன 2022ஆம் ஆண்டு விலைக்குக்கூட 1,200 ரூபாவுக்கு நான்கு பொதிகளே கிடைக்கும். நான்கு பொதி இரண்டு மாதத்துக்குப் போதும். மாதவிடாய் அறிவித்தல்களுக்கு ஏற்ப வருவதில்லை. அரசு மாறினாலும் அமைச்சர் மாறினாலும் நிற்காதபடி, பாடநூலைப் போல, சட்டத்தால் உறுதிசெய்யப்பட்ட உரிமையாக இது வேண்டும்.

சமூக சேவையாளர் என்று கூறிக்கொள்ளும் சிலருடைய தருமத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாணவியரை மேடையில் வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு பொதியைக் கையிற் கொடுத்துப் படம்பிடித்து ஊரெங்கும் பரப்புகின்றனர். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் முகமும் பொதியும் ஊர்முழுக்கத் திரிகின்றன. வெட்கத்தை ஒழிக்கப் புறப்பட்டவர்கள் வெட்கத்தை விற்கிறார்கள். பாடநூல் வாங்கும் பிள்ளையை நாம் படமெடுப்பதில்லை. அது அவளது உரிமை என்பதனால். இதையும் அப்படியே கொடுக்கட்டும். மலசலகூடத்தில் ஓர் அலமாரியில் வைத்துவிட்டாற் போதும், எடுப்பவர் எடுக்கட்டும்.

இறுதியாக, நம் பக்கத்தைப் பற்றி. பெண் விடுதலையை நாம் எப்போதும் தீர்மானங்களில் எழுதினோம். வர்க்க விடுதலை வந்ததும் எல்லாம் தானாகத் தீருமென்று ஒத்திவைத்தோம். மே தின ஊர்வலத்தில் முன்வரிசையிற் பெண்கள் நடக்கவேண்டும் என்று ஏற்பாடு செய்தோம். அவர்கள் ஐந்து மணி நேரம் வெயிலில் நடக்கும்போது எங்கே ஒதுங்குவார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. தோட்டச் சம்பளப் போராட்டத்தின் கோரிக்கைப் பட்டியல்களில் கொழுந்து மலைக்கு ஒரு மலசலகூடம் என்ற வரியை நாம் எத்தனை முறை சேர்த்தோம்? மலிவான இக்கோரிக்கையைச் சேர்க்க நமக்குத் தடையாயிருந்தது முதலாளி அல்லன். நம் நண்பருடைய அந்த முகச்சுளிப்பே.

நண்பர் இக்கட்டுரையின் கையெழுத்துப் பிரதியை வாசித்தார். சில இடங்களில் நம்மோடு சண்டையிட்டார். சாமத்தியச் சடங்கைச் சற்றுக் கடுமையாகச் சாடிவிட்டோம் என்பது அவர் கருத்து. அவர் தமது பாடசாலையின் அபிவிருத்திச் சங்கச் செயலாளர். வரும் மாதக் கூட்டத்தில் மலசலகூடக் கதவுக்குப் பூட்டு, தண்ணீர்த் தாங்கி, மூடியுள்ள வாளி, அணையாடைக்கு ஓர் அலமாரி என்று நான்கு விஷயங்களை நிகழ்ச்சிநிரலிற் சேர்ப்பதாகச் சொன்னார். எந்தத் தலைப்பில் எழுதுவது என்று மட்டும் தயங்கினார். "'மாணவியர் நலன்' என்று போடட்டுமா?" என்று கேட்டார். மாதவிடாய் என்றே எழுதும்படி கூறினோம்.